இறங்கிய தோள்

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மும்பை மாநகரில், நம்மவர் குடும்பங்கள் மிகுதியாக வாழும் தாராவியை ஒட்டிய திடல் ஒன்றில் கபடிப் பந்தயம் நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வயது இளைஞன் ஒருவன் பாடிச் செல்கிறான். எதிர்க்கட்சியார் இருவர் அவனுடைய கால்களைப் பற்றிக்கொள்கின்றனர். எப்படியேனும் நடுக்கோட்டைத் தொட்டுவிட வேண்டுமென்று அவன் வலக்கையை எட்டிய மட்டும் நீட்டுகிறான். நீட்டிய அந்தக் கையின்மேல் மூன்றாமவன் ஒருவன் விழுகிறான். பாட்டு நின்றுபோகிறது. எழுந்து உட்கார்ந்த இளைஞன், இடக்கையால் வலக்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, அசையாமல் இருக்கிறான். திரண்டு உருண்டிருந்த அவனுடைய தோள் இப்போது மூலை வைத்தாற்போல் சதுரமாகத் தோன்றுகிறது. “தோள் இறங்கிவிட்டது” என்று கூட்டத்தில் யாரோ சொல்கிறார்.

அடுத்த சில நிமிடங்களில் நால்வகை யோசனைகள் வருகின்றன. கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். விளக்கெண்ணெய் தடவி நன்றாக நீவிவிடுங்கள் என்கிறார் மற்றொருவர். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டனார், முதல் வண்டியிலேயே புத்தூருக்கு அழைத்து வந்து கட்டுப் போட்டுவிடுங்கள் என்கிறார். பயிற்சி தருபவரோ, மூன்று வாரத்தில் தேர்வுப் போட்டி இருக்கிறதே, அதற்குள் தேறிவிடுவானா என்று கவலைப்படுகிறார். நால்வரும் பையனிடத்து அன்புடையவர்களே. ஆயினும் நால்வர் சொல்லிலும் ஒரே பிழை மறைந்து கிடக்கிறது. எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டால் காரியம் முடிந்தது என்று நால்வரும் எண்ணுகின்றனர். உண்மையில் அப்போதுதான் சிகிச்சை தொடங்குகிறது. இதனை விளக்குவதே இன்று நமது நோக்கம்.

தோள்மூட்டின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில், கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடும் பந்தயத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நமது தோள்மூட்டு ஏறத்தாழ அத்தகையதே. மேற்கை எலும்பின் உருண்டையான தலைதான் எலுமிச்சம்பழம். தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற சிறு குழிதான் கரண்டி. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ, எந்த நேரத்திலும் பந்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியில் பொருந்தியிருப்பதில்லை. கையை எல்லாத் திசையிலும் சுழற்றும் வரத்தை இயற்கை நமக்கு அளித்தது. அதற்கு ஈடாக மூட்டின் உறுதியில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. உடலிலுள்ள பெரிய மூட்டுக்களுள் மிகுதியாக விலகுவது தோள்மூட்டே.

எலுமிச்சை கரண்டியினின்றும் உருண்டுவிடாமல் காப்பவை மூன்று. குழியின் விளிம்பைச் சுற்றி வரப்புப்போல் அமைந்துள்ள குருத்துவளையம் ஒன்று. அதனோடு பிணைந்த மூட்டுறையும் நார்களும் இரண்டாவது. நாற்புறமும் இழுத்துப் பிடிக்கும் தசைகள் மூன்றாவது. கை உயர்ந்து, வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும் நிலையில் வன்மையான விசை ஒன்று தாக்குமானால், எலும்பின் தலை முன்புறமாகவும் கீழ்ப்புறமாகவும் நழுவிவிடுகிறது. தோள் விலகல்களுள் 100க்கு 95 பங்கு இவ்வாறு முன்புறம் நிகழ்பவையே. ஆகவே, ‘தோள் இறங்கிவிட்டது’ என்னும் நம் வழக்கு மிகவும் பொருத்தமானது. இந்தி பேசுவோரும் ‘கந்தா உதர் கயா’ என்றே சொல்வர். உதர்தல் என்பதும் இறங்குதலே. மராட்டியர் ‘காந்தா நிகள்ளா’ என்பர். வேற்று மாநிலத்து மருத்துவமனை வாயிலில் நிற்கும்போது இச்சொற்கள் நமக்குப் பயன்படும்.

எலும்பின் தலை வெளியே நழுவும்போது வெறுங்கையோடு போவதில்லை. போகும் வழியில் குருத்துவளையத்தையும் மூட்டுறையையும் குழியின் விளிம்பினின்றும் பிய்த்துக்கொண்டு போகிறது. இந்தக் கிழிசலின் முக்கியத்துவத்தை லண்டன் மருத்துவர் பாங்கார்ட் 1923ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. வெளியேறிய தலை குழியின் கூரிய விளிம்பில் மோதி நசுங்குவதால், அதன் பின்புறத்தில் ஒரு பள்ளம் விழுவதும் உண்டு. இதனை 1940ஆம் ஆண்டில் ஹில், சாக்ஸ் என்னும் அமெரிக்கக் கதிர்ப்பட மருத்துவர் இருவர் விளக்கியுரைத்தனர். மூட்டைத் திரும்ப இருத்தியபின் வெளியே பார்த்தால் தோள் முன்போலவே அழகாகத் தோன்றும். உள்ளே வரப்பு உடைந்தபடியே இருக்கும். உடைந்த வரப்பு நீரை நிறுத்துமா?

இனி, விபத்து நிகழ்ந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்யத்தக்கவற்றைக் காண்போம். பையன் எந்த நிலையில் கையை வைத்துக்கொண்டால் வலி குறைவாக இருக்கிறதோ, அந்த நிலையிலேயே விட்டுவிடுதல் வேண்டும். கைக்கும் மார்புக்கும் இடையே மடித்த துண்டையோ சிறு தலையணையையோ வைத்து, மற்றொரு துண்டால் கையை உடலோடு சேர்த்து மெல்லக் கட்டலாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியைத் தோளின்மீது கால் மணி நேரம் வைக்கலாம். விரல்கள் வீங்கக்கூடுமாதலால் மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மருத்துவமனையில் மயக்கமருந்து தேவைப்படலாம். ஆகையால் சோடா, தேநீர், சிற்றுண்டி எதுவும் கொடுத்தல் ஆகாது. விரல்கள் குளிர்ந்து வெளுத்தாலும், மரத்துப்போனாலும், அசைக்க முடியாமற்போனாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் 108 அல்லது 112 என்னும் எண்ணை அழைப்பது நம் கடமை.

இழுத்துச் சரிசெய்தல் கூடாது என்று ஏன் வற்புறுத்துகிறோம்? காரணங்கள் பல. தோளின் வடிவம் மாறியிருப்பது விலகலால் மட்டுமன்று, முறிவாலும் இருக்கலாம். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சிக்குரிய மென்மையான தகடு ஒன்று உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மூட்டு விலகுவதைவிட அந்தத் தகட்டில் எலும்பு முறிவதே மிகுதி. முறிந்த எலும்பை விலகிய எலும்பென்று எண்ணி இழுத்தால் விளையும் தீங்கைச் சொல்லவேண்டியதில்லை. மேலும், அக்குள் வழியே தோளுக்குச் செல்லும் நரம்பு ஒன்று, நழுவிய எலும்பின் அருகே இழுபட்டுக் கிடக்கிறது. சட்டையின் கைத்தையலுக்குச் சற்றுக் கீழே, தோளின் வெளிப்புறத்தைத் தொட்டால் உணர்வு மங்கியிருக்குமானால், அந்த நரம்பு வருந்தியிருக்கிறது என்பது பொருள். மருத்துவர் மூட்டைத் தொடுமுன்னும், இருத்திய பின்னும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதும், மணிக்கட்டில் நாடி பார்ப்பதும் இதனாலேயே.

மூட்டை இருத்தும் கலை மிகப் பழைமையானது. அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறையைக் கிரேக்க மருத்துவ முதல்வர் ஹிப்பாக்ரட்டீசின் நூல்கள் கூறுகின்றன. 1870ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுக் கோக்கர் வேறொரு முறையை வெளியிட்டார். இன்றைய மருத்துவர் வன்மையை நாடுவதில்லை. வலி தணிக்கும் மருந்து கொடுத்து, தசைகளின் இறுக்கத்தைத் தளரச் செய்து, மெல்ல மெல்லக் கையைத் திருப்பி, எலும்பைத் தானாகவே உள்ளே செல்லவிடுகின்றனர். அதற்கு முன் ஒரு எக்ஸ்ரே, பின் ஒரு எக்ஸ்ரே எடுப்பது முறை. முன்னது முறிவு உண்டா என்று காட்டும். பின்னது எலும்பு நேராக அமர்ந்ததா என்று காட்டும்.

நம் நாட்டுக் கட்டு வைத்தியர்களை நாம் இகழவில்லை. ஆந்திரத்துப் புத்தூரின் பெயர் தமிழ்நாட்டு ஊர்தோறும் ஒலிப்பதற்குக் காரணம், பல தலைமுறையினர் அங்கே கண்ட பயன்தான். ஆனால் மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ பயணப்பட்டு அங்குச் சென்றடைய ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். தோள் விலகலில் நேரம் நமக்கு எதிரி. மணிகள் செல்லச் செல்லத் தசைகள் இறுகுகின்றன, இருத்துவது கடினமாகிறது. மூன்று வாரத்துக்கு மேல் விலகியபடியே விட்டுவிட்ட மூட்டை அறுத்துத் திறந்துதான் இருத்த நேரிடும் என்ற நிலையும் உண்டாகலாம். அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவே அந்த வேளையில் நமக்குப் புத்தூர்.

மூட்டு இருத்தப்பட்டது. வலி பெரும்பாலும் உடனே தணிந்துவிட்டது. கழுத்திலிருந்து தொங்கும் தூக்குக்கட்டில் கையை வைத்துக்கொண்டு பையன் வீடு திரும்புகிறான். குடும்பத்தார் திருஷ்டி கழித்து, நிம்மதியாக மூச்சு விடுகின்றனர். இந்த இடத்தில்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மருத்துவர் கார்ட்டர் ரோ 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 20 வயதுக்குட்பட்டவர்களுள் 100க்கு 83 பங்கினருக்குத் தோள் மீண்டும் விலகியது. 40 வயதைக் கடந்தவர்களுள் 16 பங்கினருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. பிற்கால ஆய்வுகளின் எண்கள் கூடியும் குறைந்தும் இருப்பினும், வயது குறையக் குறைய அபாயம் கூடுகிறது என்னும் உண்மையை அவையும் வலியுறுத்துகின்றன. இளமையில் எல்லாம் விரைவில் ஆறும் என்பது நம் பொது நம்பிக்கை. தோள் விலகலில் அந்த நம்பிக்கை நம்மை ஏமாற்றிவிடுகிறது.

தூக்குக்கட்டை நீண்ட நாள் அணிந்தால் மறுவிலகல் வாராதன்றோ என்று கேட்கலாம். சுவீடன் நாட்டில் ஹோவெலியஸ் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இதனை 25 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். மூன்று, நான்கு வாரம் கட்டியிருந்தவர்களுக்கும், விரைவில் கட்டை அவிழ்த்தவர்களுக்கும் மறுவிலகலில் வேற்றுமை காணப்படவில்லை. தூக்குக்கட்டு வலியைத் தணிக்கும், கையைத் தாங்கும், கிழிந்த வரப்பைத் தைத்துவிடாது. அதே ஆய்வு நமக்கு ஆறுதலும் தருகிறது. 12 முதல் 25 வயது வரையிலானவர்களுள், அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற தோள்களில் ஏறத்தாழப் பாதி, மீண்டும் விலகாமலோ, காலப்போக்கில் தாமே உறுதிபெற்றோ இருந்தன. ஆகவே, விலகிய தோளெல்லாம் கத்திக்கு உரியது என்று அஞ்சவும் வேண்டுவதில்லை. கட்டிவிட்டோம், முடிந்தது என்று அயரவும் கூடாது.

கத்தியின்றிச் செல்லும் வழியின் உயிர்நாடி உடற்பயிற்சியே. முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைத்துவர வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் தூக்குக்கட்டு போய்விடும். பின்னர், குனிந்து நின்று கையை ஊசல்போல் ஆட்டுதல். பிறகு சுவரில் விரல்களை ஏற்றுதல். அதன்பின், கதவுப் பிடியில் கட்டிய ரப்பர்ப் பட்டையை இழுத்துத் தோளின் உட்தசைகளையும் தோள்பட்டையைத் தாங்கும் தசைகளையும் வலுப்படுத்துதல் என்று படிப்படியாக முன்னேற வேண்டும். கிழிந்த வரப்புக்கு ஈடாகக் காவல் நிற்பவை இத்தசைகளே. ஏறத்தாழ முதல் ஆறு வாரம், கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பும் நிலை விலக்கத்தக்கது. தலைக்குப் பின்னே கையை மடித்து வைத்து உறங்குதல், பந்து எறிதல், மின்சார ரயிலின் மேற்பிடியைப் பற்றித் தொங்குதல் ஆகியவை அந்த நிலையில் அடங்கும். மும்பையில் நாள்தோறும் ரயிலேறும் பிள்ளைக்கு இந்தக் கடைசி எச்சரிக்கை மிகவும் தேவை. சட்டை அணியும்போது அடிபட்ட கையை முதலில் நுழைத்தல் நலம்.

அறுவைச் சிகிச்சையை எப்போது எண்ணலாம்? இருபதை ஒட்டிய வயது, கபடி, மல்யுத்தம் போன்று மெய்யோடு மெய் மோதும் ஆட்டம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாகத் தெரியும் கிழிசல்; எலும்பின் தேய்வு; இரண்டாம் முறை விலகல். இவற்றுள் பல ஒருங்கே கூடினால் மருத்துவர் அறுவையைப் பற்றிப் பேசுவார். முதல் விலகலுக்குப் பின்னரே அறுவை செய்துகொண்ட இளைஞரிடத்து மறுவிலகல் வெகுவாகக் குறைகிறது என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆர்த்ராஸ்கோப்பி என்னும் முறையில், சிறு துளைகளின் வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி, பிய்ந்த குருத்துவளையத்தைக் குழியின் விளிம்போடு மீண்டும் தைத்துவிடுகின்றனர். பல முறை விலகியதால் விளிம்பெலும்பே தேய்ந்துபோயிருந்தால் தையல் போதாது. அப்போது, தோளின் முன்புறத்தில் காக்கையின் அலகுபோல் வளைந்திருக்கும் எலும்பு முனையை எடுத்துத் தேய்ந்த இடத்தில் பொருத்துவர். 1954ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லட்டார்ஜே விவரித்த முறை இது.

அறுவையிலும் குறைகள் உண்டு. கை இறுகிப்போதல், சீழ் பிடித்தல், அரிதாக நரம்பு ஊறுபடுதல் ஆகியவை நேரலாம். செம்மையாகத் தைத்த தோளும் மோதல் ஆட்டத்தில் மீண்டும் விலகுவதுண்டு. அறுவைக்குப் பின்னும் மாதக்கணக்கான பயிற்சி இன்றியமையாதது. அடிபடாமலே மூட்டுக்கள் இயல்பாகத் தளர்ந்திருக்கும் பிள்ளைகளும் உளர். சிலர் வேடிக்கைக்காகத் தோளைத் தாமே இறக்கி ஏற்றிக் காட்டுவர். அவ்விளையாட்டை உடனே நிறுத்திப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அவர்களுக்கு முதல் மருந்து பயிற்சியே.

இப்போது, நம் பையனின் தேர்வுப் போட்டிக்கு வருவோம். மூன்று வாரத்தில் அவன் ஆடலாமா? ஆகாது. கை முழு அளவுக்கு அசைய வேண்டும். வலிமை மற்றக் கைக்கு ஏறக்குறைய ஈடாக வேண்டும். கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது, ‘இதோ நழுவப்போகிறது’ என்னும் அச்சம் தோன்றாதிருக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம் ஆகும். அறுவை நிகழ்ந்திருந்தால் மோதல் ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு மாதமளவும் ஆகலாம்.

இதனைச் சொல்வது எளிது; கேட்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கபடி 1990ஆம் ஆண்டு பீகிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. 2014ஆம் ஆண்டில் தொழில்முறைப் போட்டித் தொடரும் தோன்றிற்று. ரயில்வே, காவல்துறை போன்றவற்றில் விளையாட்டின்வழி வேலை பெற்றோர் பலர். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு, மகனோ மகளோ ஆடும் ஆட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. அது ஒரு வாயில். அந்த வாயில் மூடிவிடுமோ என்னும் அச்சத்தால்தான் எத்தனையோ பிள்ளைகள் இரண்டாம் விலகலை மறைத்துவிடுகின்றனர். தாமே கையைத் திருகி உள்ளே தள்ளிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்கின்றனர். ஒவ்வொரு விலகலும் விளிம்பெலும்பில் சிறிது சிறிதாக அரித்துவிடுகிறது. தையலோடு முடிந்திருக்க வேண்டியது எலும்பு ஒட்டும் அறுவையில் சென்று முடிகிறது. ஆண்டுகள் கழிந்தபின் மூட்டுத் தேய்வும் வரலாம். ஒரு பருவத்தை விட்டவன் மறு பருவத்தில் ஆடலாம். தோளை விட்டவன் என் செய்வான்? பிள்ளை உண்மையைச் சொன்னால் ஏசாதிருப்பதே பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி.

ஊரை விட்டு வாழும் நமக்குச் சில தனி இடர்ப்பாடுகள் உண்டு. மொழி தெரிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே படங்களையும், மருத்துவர் எழுதிய சீட்டுக்களையும், விலகிய நாள் எது, எவ்வாறு விலகியது, எத்தனையாவது முறை என்னும் குறிப்பையும் ஒரே உறையில் பாதுகாத்து வையுங்கள். பொங்கலுக்கு ஊர் சென்று அங்கே வேறு மருத்துவரைக் கண்டாலும் அந்த உறை உங்களுக்காகப் பேசும். தில்லியில் வாழ்வோருக்கு, சப்தர்ஜங் மருத்துவமனையில் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற விளையாட்டுக் காய சிகிச்சை மையம் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டை பெற்ற குடும்பத்தார், மாநிலம் கடந்தும் அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். தங்களுக்கு வேண்டிய சிகிச்சை அதில் அடங்குமா என்பதை 14555 என்னும் எண்ணிலோ, மருத்துவமனையிலுள்ள உதவி மேசையிலோ முன்னதாகக் கேட்டறிதல் நன்று. தொழிலாளர் காப்பீட்டு அட்டை உடையோர் அதனையும் மறவாது எடுத்துச் செல்க.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கே: முறிவு உண்டா? நரம்பு நலமா? எம்.ஆர்.ஐ. படம் தேவையா? பயிற்சியை யாரிடம், என்று தொடங்குவது? இந்நான்குக்கும் விடை பெறாமல் மருத்துவமனை வாயிலைக் கடத்தல் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் திடலில் பையனைச் சூழ்ந்து நின்றவர்களுள் நாமும் ஒருவராக இருந்தால் என்ன செய்வோம்? இழுக்க வந்த கையைத் தடுப்போம். துண்டால் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். அவ்வளவும் ஒரு மணி நேரத்து வேலை. அதன்பின் வரும் மாதங்களில், அவன் ரப்பர்ப் பட்டையை இழுத்தானா என்று மாலைதோறும் கேட்பதும், தேர்வுப் போட்டி நாளன்று அவனைக் களத்துக்கு வெளியே நம் அருகில் அமர்த்திக்கொள்வதும் நம்மால் இயலுமானால், அடுத்த ஆண்டு அதே திடலில் அவன் அச்சமின்றிப் பாடிச் செல்லும் வாய்ப்பு மிகுதி.